வெடிக்காத ஞாயிறு

அத்தியாயம் 5

ஞாயிறு காலை பத்து மணிக்கு விழுந்திருக்க வேண்டிய கட்டிடம், செவ்வாய் காலை பத்து மணிக்கும் நின்றுகொண்டிருந்தது.

தென் லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் கவுன்சில் கட்டிய பழைய பதினான்கு மாடி அது. கதவு, ஜன்னல் எல்லாம் கழற்றியாகிவிட்டது. தூண்களுக்குள் வெடிமருந்து அடைத்தாகிவிட்டது. சுற்றியிருந்த நான்கு தெருச் சனமும் மூன்றாவது நாளாகப் பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்துக் கிடந்தது.

பொலிஸ் நாடாவுக்கு இப்பால் நித்தியின் கார் நின்றது.

"பரிசிலை நான் இருந்த பில்டிங் ஒருத்தரும் மருந்து வைக்காமலே விழப்பாத்தது, அக்கா. இது மருந்து வைச்சும் விழுதில்லை. லண்டன் வேலை எல்லாம் இப்பிடித்தான்" என்றான் நித்தியானந்தன்.

பிரான்சின் பரிஸ் நகரில் பதினாறு வருடம் உணவகக் குசினியில் நின்றுவிட்டு லண்டனுக்கு மாறி வந்தவன். நாற்பத்தெட்டு வயது. சிவனேஸ்வரிக்குச் சாரதியும் உதவியாளனும் அவன்தான். சிரிக்காத ஒருவரைச் சிரிக்க வைக்கும் வேலையையும் சம்பளமில்லாமல் தானாக எடுத்துக்கொண்டிருந்தான். அதில் மட்டும் இதுவரை வெற்றி இல்லை.

சிவனேஸ்வரி பத்தொன்பது வருடம் நீதிமன்றங்களிலும் பொலிஸ் நிலையங்களிலும் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். அடுத்தவருக்கு நடந்ததை 'எனக்கு' என்று சொல்ல வேண்டும் என்பது அந்த வேலையின் விதி. என்னை அடித்தார்கள், என் பிள்ளையைக் காணவில்லை என்று ஒரே குரலில் சொல்லிச் சொல்லி, தன் தாய் இறந்த செய்தி தொலைபேசியில் வந்தபோதும் அதே குரலில் "சரி" என்றாள். அடுத்த மாதம் வேலையை விட்டாள். பிறகுதான் நோர்பரியில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேல் மாடியில் இந்தத் துப்பறியும் தொழில்.

உதவி கேட்டு வந்து பின் இருக்கையில் இருந்த லோஜினி அழவில்லை. மூன்று நாளாகத் தூங்காத முகத்தில் அழுகைக்கு இடம் இருக்கவில்லை.

"தம்பியை நாளைக்குக் கோட்டுக்குக் கொண்டு போகினமாம். இன்னும் ஏழு நாள் வைச்சு விசாரிக்கக் கேக்கப்போகினம் எண்டு சொலிசிட்டர் சொல்லுறார். விசா புதுப்பிக்கக் குடுத்தது ஹோம் ஒஃபிசிலை கிடக்கு, அக்கா. பயங்கரவாதச் சட்டத்திலை பிடிச்சவன் எண்டு ஒரு பேப்பர் அங்கை போனாலே காணும், விசா இல்லையெண்டிடுவாங்கள்."

தம்பியின் பெயர் ஜதுசன். இருபத்தொன்பது வயது. இந்தக் கட்டிடத்தின் காவலாளி. சனிக்கிழமை மாலை சாமான் அறையைக் கடைசியாகப் பூட்டியவன். ஞாயிறு காலை எட்டரைக்கு அறையைத் திறந்தபோது ஹான்ட்செற்றைக் காணவில்லை. அரை மைல் தூரத்தில் நின்று அதில் இரண்டு பொத்தான்களை அமத்தினால் கட்டிடம் விழும். ஒரு தடித்த அகராதி அளவு இருக்கும். அதே வகைக் கருவியை இராணுவங்களும் கண்ணிவெடிகளைத் தூரத்தில் நின்று அழிக்கப் பாவிக்கின்றன. அதனால்தான் சாதாரணப் பொலிஸ் போய்ப் பயங்கரவாதத் தடுப்புப் பொலிஸ் வந்தது. காணாமற்போன ஹான்ட்செற் கிடைக்கும்வரை வேறு ஹான்ட்செற் எதையும் கட்டிடத்துக்குக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது என்று தடையும் போட்டார்கள்.

"அறையின்ரை பூட்டுக்கு எத்தினை திறப்பு?" என்றாள் சிவனேஸ்வரி.

"மூண்டு. மனேஜரிட்டை ஒண்டு. அவ வெள்ளி இரவு ஸ்கொட்லாந்துக்குப் போய் ஞாயிறு விடியத்தான் திரும்பி வந்தவ. தம்பியிட்டை ஒண்டு. மற்றது றஜீவன் அண்ணையிட்டை. அவர்தான் வெடி வைக்கிற எஞ்சினியர். தம்பிக்கு இந்த வேலை எடுத்துக் குடுத்ததும் அவர்தான்."

"ஜதுசனை ஏன் பிடிச்சவை?"

"ஃபோனிலை பில்டிங்கின்ரை படம் நாப்பது கிடந்ததாம். அம்மாவுக்கு அனுப்பினவன், அக்கா. தான் வேலை செய்யிற இடம் எண்டு."

"என்ரை ஃபோனைப் பாத்தா என்னையும் பிடிப்பாங்கள். கொத்துரொட்டிப் படம் நானூறு கிடக்கு" என்றான் நித்தி. ஒருவரும் சிரிக்கவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

லோஜினி சொலிசிட்டர் கொடுத்த தாள்களை நீட்டினாள். ஒன்றில் படம். மஞ்சள் பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. உள்ளே பஞ்சில் ஹான்ட்செற் அளவில் ஒரு வெற்றுப் பள்ளம். பக்கத்துப் பள்ளத்தில் அதன் பற்றரி மட்டும் பத்திரமாக இருந்தது. படத்தின் கீழே பொலிஸ் எழுதியிருந்தது: களவெடுத்தவர் பற்றரியை மறந்துவிட்டுப் போயிருக்கிறார்.

சிவனேஸ்வரி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள்.

"நித்தி, பற்றரியின்ரை முனையிலை என்ன?"

"சிவப்பு ஒட்டு ரேப்."

"ஏன் ரேப் ஒட்டுவினம்?"

"ரெண்டு முனையும் எதிலையும் முட்டி நெருப்புப் பத்தாமல்." சொன்னவன் நிறுத்தினான். "இது என்ன பகிடி? களவெடுக்க வந்தவன் பற்றரியைக் கழட்டி, முனைக்கு ரேப்பும் ஒட்டி, போத்திவிடாத குறையா வைச்சிட்டுப் போயிருக்கிறான். எங்கடை வீட்டுக்கு இப்பிடி ஒரு கள்ளன் வந்தா நான் வாடகைக்கு வைச்சிருப்பன்."

"மறந்திட்டுப் போகேல்லை. பற்றரியோடை ஹான்ட்செற்றை வெறுமனே விட்டா மனம் கேக்காத ஆள். களவெடுக்கேக்கையும் அந்தப் பழக்கம் விடேல்லை." அவள் படத்தில் விரலை வைத்தாள். "ரேப்பின்ரை ஓரத்தைப் பாரும்."

ஓரம் நேராக இல்லை. சப்பினது போல் சுருங்கிக் கிழிந்திருந்தது.

"பல்லாலை கடிச்சுக் கிழிச்சிருக்கு" என்றான் நித்தி. "கத்திரிக்கோல் இல்லாத கள்ளன்."

"கையாலையே லேசாக் கிழியிற ரேப் அது." தாளை மடித்தாள். "லோஜினி, றஜீவன் வீடு எங்கை?"

"மோர்டன். ஆனா அவர் நல்ல மனிசன், அக்கா. வன்னியிலை எத்தினையோ வருசம் கண்ணிவெடி எடுத்தவர்."

"ஓம்," என்றாள் சிவனேஸ்வரி. "அப்பிடியான ஆள்தான் ரேப் ஒட்டும்."

* * *

மோர்டனில் வரிசை வீடு ஒன்று. கதவைத் திறந்தது றஜீவனின் மனைவி கௌசி. லோஜினியைக் காரில் இருக்கச் சொல்லிவிட்டு இருவரும் உள்ளே போனார்கள்.

றஜீவன் சோபாவில் இருந்தான். ஐம்பது வயதிருக்கும். நெஞ்சு அகன்ற ஆள். எதிரே ரீவியில் சமையல் நிகழ்ச்சி சத்தம் குறைவாக ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று சொல்ல முடியாது. கண்கள் அந்தப் பக்கம் இருந்தன, அவ்வளவுதான்.

"ஜதுசன்ரை விசயமோ? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பொலிசுக்குச் சொல்லிப்போட்டன், அக்கா."

"அவர் எடுத்திருப்பாரோ?"

"இல்லை." உடனே சொன்னான்.

கௌசி தேத்தண்ணி கொண்டுவந்தாள். மூன்று சில்வர் குவளைகள், அடுப்பால் இறக்கிய கையோடு. நித்தி ஒன்றைத் தூக்கி, "ஐயோ!" என்று அதே வேகத்தில் மேசையில் வைத்து, விரல்களை உதறினான். "அக்கா, இது தேத்தண்ணியோ, வெல்டிங் வேலையோ?"

சிவனேஸ்வரி அவனைப் பார்க்கவில்லை. றஜீவனின் கையைப் பார்த்தாள். அவன் அதே சூட்டில் இருந்த தன் குவளையை வெறும் கையால் முழுதாகப் பொத்திப் பிடித்திருந்தான். அமைதியாக ஒரு வாய் குடித்துவிட்டு, திரும்ப மடியில் வைத்துக்கொண்டான். பெருவிரலின் அடியில் பழைய கொப்புளம் ஒன்று காய்ந்து தோல் உரிந்திருந்தது.

"பிஸ்கற் எடுங்கோ" என்று பக்கத்தில் இருந்த பைக்கற்றை எடுத்தான். அதன் ஓரத்தைப் பல்லால் கடித்துத் திறந்து நீட்டினான்.

நித்தியின் கை பாதி வழியில் நின்றது. பிறகு ஒரு பிஸ்கற்றை எடுத்துக்கொண்டான்.

"எனக்கு இந்த மெஷின் விசயம் ஒண்டும் விளங்காது, தம்பி" என்றாள் சிவனேஸ்வரி. "ஹான்ட்செற்றிலை ரெண்டு பொத்தான் எண்டினம். தவறுதலாக் கை பட்டா வெடிக்காதோ?"

அவன் முகத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் உயிர் வந்தது. தொழிலைப் பற்றிக் கேட்டால் அவனால் பேசாமல் இருக்க முடியாது.

"வெடிக்காது, அக்கா. மனேஜரிட்டை தனித் திறப்பு ஒண்டு இருக்கு. அதைப் போட்டாத்தான் வேலை செய்யும். பிறகு ரெண்டு பெருவிரலாலையும் ரெண்டு பொத்தானை ஒரே நேரம் அமத்திப் பிடிக்க வேணும். பிடிச்சுக்கொண்டு நிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்திலை ஆரும் உள்ளுக்குப் போறதைக் கண்டா, ஒரு விரலை எடுத்தாக் காணும். எல்லாம் நிண்டிடும்."

"அப்ப பிடிக்கிறதை விட விடுறதுதான் முக்கியம்?"

"ஓம்" என்றான். "விடுறதுதான் முக்கியம்."

அவள் மேசையில் கிடந்த ரீவி ரிமோட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"இதை ஹான்ட்செற் எண்டு நினைச்சு ஒருக்காக் காட்டுங்கோ. சத்தம் கூட்டுற பொத்தான்தான் உங்கடை பொத்தான். நான் உள்ளுக்குப் போற ஆள். நான் கை தூக்கினதும் விடுங்கோ. என்ரை முகத்தைப் பாருங்கோ, கையைப் பாக்காதேங்கோ. அங்கை நிக்கேக்கையும் கையைப் பாக்க மாட்டீங்கள்தானே?"

அவன் ரிமோட்டைப் பிடித்தான். ஒரு கணம் தயங்கினான். மறுத்தால் அதுவே பதில் ஆகிவிடும் என்று தெரிந்திருக்க வேண்டும். பெருவிரலால் அமத்தினான்.

ரீவியில் சத்தமும் திரையில் அதன் எண்ணும் ஏறின. எண்ணெய் கொதிக்கும் சத்தம், சமையல்காரப் பெண்ணின் குரல். பதினைந்து, பதினெட்டு, இருபது.

சிவனேஸ்வரி கையைத் தூக்கினாள்.

"விட்டிட்டன்" என்றான் றஜீவன்.

இருபத்தைந்து. முப்பது. கடுகு வெடித்தது. முப்பத்தாறு. கண்ணாடி அலுமாரியில் இருந்த கோப்பைகள் கிணுகிணுத்தன. றஜீவன் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லக் குனிந்து தன் கையைப் பார்த்தான். பெருவிரல் பொத்தானிலேயே இருந்தது. அது வேறு யாருடையதோ என்பதுபோல் அதைப் பார்த்தான்.

குசினியிலிருந்து கௌசி வந்தாள். அவன் விரலைப் பிடித்துப் பொத்தானில் இருந்து எடுத்தாள். ரிமோட்டை வாங்கி ரீவியை நிறுத்தினாள். பழகின கை செய்த வேலை அது.

நித்தி குவளையைப் பார்த்தபடி இருந்தான்.

"எவ்வளவு காலம்?" என்றாள் சிவனேஸ்வரி.

பதில் சொன்னது கௌசி. "ரெண்டு வருசம். துளை போடுற மெஷின்ரை அதிர்வாலை நரம்பு செத்துப்போச்சு எண்டு டொக்டர் எழுதித் தந்தவர். அந்தக் கடிதத்தைக் கொம்பனிக்குக் குடுக்கேல்லை. குடுத்தா லைசென்ஸ் போயிடும். சேட்டுப் பொத்தான் நான்தான் பூட்டி விடுறன்."

"பற்றரிக்கு ரேப் ஒட்டினது நீங்கள்" என்றாள் சிவனேஸ்வரி அவனிடம்.

"ஓம்."

இவ்வளவு எளிதாக ஒத்துக்கொள்வான் என்று நித்தி நினைக்கவில்லை. கௌசிதான் திடுக்கிட்டாள். விரல் விசயம் அவளுக்குத் தெரியும். இது தெரியாது.

"நீங்களோ எடுத்தது?"

றஜீவன் தரையைப் பார்த்துப் பேசினான். குரலில் ஏற்றம் இறக்கம் இருக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை ஒத்திகை பாத்தனாங்கள். மருந்து தொடுக்கேல்லை, வெறும் லாம்ப் மட்டும். நான் பொத்தானை விட்டா லாம்ப் அணைஞ்சு நூர வேணும். அமத்திப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்கை வேலிக்கு உள்ளாலை ஒருத்தன் நடந்து போறதைக் கண்டன். உடனே விட்டிட்டன். விட்டிட்டன் எண்டுதான் நினைச்சன். லாம்ப் எரிஞ்சுகொண்டே நிண்டுது. அவன் தூணுக்குக் கிட்டப் போய், பூனை ஒண்டைத் தூக்கிக்கொண்டு வெளியிலை வந்தான். அதுக்குப் பிறகும் எரிஞ்சுது."

"ஆர் அது?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"ஜதுசன்."

வெளியே காரில் லோஜினி இருந்தாள். ஜன்னல் வழியே அவளுடைய தலை தெரிந்தது.

"ஹான்ட்செற் இல்லையெண்டா ஞாயிறு நிண்டிடும் எண்டு நினைச்சன். அடுத்த நாள் கொம்பனியின்ரை ஸ்கொட்லாந்துக் கந்தோரிலை இருந்து வேறை ஹான்ட்செற்றோடை அங்கத்தை எஞ்சினியர் பொம்பிளை வருவா. அவ அமத்துவா. ஒருத்தருக்கும் ஒண்டும் தெரிய வராது. ஒரு நாள்தானே பிந்தும் எண்டு நினைச்சன், அக்கா. பயங்கரவாதப் பொலிஸ் வரும் எண்டோ, அவனைப் பிடிப்பினம் எண்டோ நான் நினைக்கேல்லை."

"பிடிச்ச பிறகு?"

"பிடிச்ச பிறகு நேற்றும் இண்டைக்கும் விடிய வெளிக்கிட்டுப்போய்ப் பொலிஸ் ஸ்ரேசனுக்கு முன்னாலை காரை விட்டிட்டு இருக்கிறனான். பிறகு திரும்பி வாறனான்."

சிவனேஸ்வரி அவனைத் திட்டவில்லை. தேற்றவும் இல்லை.

"ஹான்ட்செற் எங்கை?"

"அறையை விட்டு வெளியிலை போகேல்லை. போகவும் ஏலாது. வாசல்லை ஜதுசன் எல்லாற்றை பையையும் பாப்பான். என்ரை பையையும் பாப்பான்." முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "நெருப்பு அணைக்கிற மணல் வாளி இருக்கு. சனி பின்னேரம் அவன் பூட்ட முதல் அதுக்கை மணலாலை மூடித் தாட்டு வைச்சனான்."

"பொலிஸ் நாய் மூண்டு வந்ததே!" என்றான் நித்தி.

"அதுகள் மருந்து மணக்கப் பழகினது. ஹான்ட்செற்றிலை மருந்து இல்லை."

மூன்று நாளாக லண்டன் முழுக்கத் தேடிய சாமான் களவே போகவில்லை. வைத்த அறையில், கதவுக்குப் பக்கத்தில், சிவப்பு வாளிக்குள் கிடந்தது. ஒவ்வொரு பொலிஸ்காரரும் அதைத் தாண்டித்தான் உள்ளே போயிருந்தார்கள்.

"நாளைக்குக் கோட்" என்றாள் சிவனேஸ்வரி. "இப்ப வெளிக்கிட்டா பன்ரெண்டு மணிக்கு முதல் சொல்லிப்போடலாம்."

அவன் எழும்பினான். கௌசி ஜக்கெற்றைக் கொண்டுவந்து சிப்பை இழுத்து விட்டாள். கழுத்துவரை இழுத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"சொன்னா நீயும் பொய் சொல்ல வேண்டி வந்திருக்கும்."

காருக்குக் கிட்ட வந்ததும் றஜீவன் நின்றான். பின் கதவைத் திறந்து, லோஜினிக்கு எல்லாவற்றையும் தானே சொன்னான், இரண்டு நிமிடத்தில். லோஜினி கேட்டு முடிந்ததும் மற்றப் பக்கக் கதவைத் திறந்து இறங்கினாள்.

"நான் பஸ்ஸிலை வாறன்" என்றாள். அவ்வளவுதான்.

* * *

வாளிக்குள் இருந்து ஹான்ட்செற்றை அன்று மதியமே எடுத்தார்கள். ஜதுசனை இரவு விட்டார்கள். விசா கொடுக்கும் ஹோம் ஒஃபிசுக்குத் தான் எழுதும் கடிதத்தை சொலிசிட்டர் மூன்றுதரம் திருத்தினார். றஜீவனின் லைசென்ஸ் போய்விட்டது. பொலிசை அலைக்கழித்ததற்கு வழக்கு வரலாம், வராமலும் விடலாம். கௌசி டொக்டரின் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொம்பனியின் மனேஜருடைய மேசையில் தன் கையாலேயே வைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த ஞாயிறு கட்டிடம் விழுந்தது.

சனம் தடுப்புக்கு வெளியே நின்று பார்த்தது. சிவனேஸ்வரிக்கு அங்கே வேலை இல்லை. நித்திதான், "ஒரு கிழமை காவல் இருந்த பில்டிங், அக்கா. செத்த வீட்டுக்குப் போகாட்டிச் சரியில்லை" என்று கூட்டிக்கொண்டு வந்திருந்தான். தூரத்தில் மஞ்சள் தலைக்கவசத்துடன் ஸ்கொட்லாந்தில் இருந்து வந்த எஞ்சினியர் பெண் இரண்டு கையாலும் ஹான்ட்செற்றைப் பிடித்தபடி நின்றாள். றஜீவன் சனத்தோடு சனமாக நின்றான். அவனைச் சுற்றி ஒரு கை தூரம் வெறுமையாக இருந்தது.

ஜதுசன் வருவான் என்று யாரும் நினைக்கவில்லை. வந்தான். மெலிந்த பொடியன், தாடி வளர்ந்திருந்தது. நேரே றஜீவனுக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

சைரன் மூன்றுதரம் கூவி ஓய்ந்தது. கீழே இருந்து படபடவென்று சத்தம். பதினான்கு மாடியும் ஒரு கணம் நின்று யோசித்தது போல் இருந்தது. பிறகு முழங்கால் மடிந்து, நின்ற இடத்திலேயே இறங்கியது. நிலம் காலடியில் அதிர்ந்தது. தூசி எழும்பி வெயிலை மறைத்தது. சனம் கை தட்டியது.

"அண்ணை," என்றான் ஜதுசன். "நீங்கள் அமத்தியிருந்தாலும் இப்பிடித்தான் விழுந்திருக்குமோ?"

"ஓம். இப்பிடித்தான்."

"உள்ளுக்கு நான் நிண்டிருந்தாலும்?"

றஜீவன் தூசியைப் பார்த்தபடி இருந்தான்.

"ஓம்."

ஜதுசன் தலையை ஆட்டினான். கேட்டதற்குப் பதில் கிடைத்த ஆளைப்போல. பிறகு ஜக்கெற் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தான். றஜீவன் திரும்பிப் பார்க்கவில்லை. கூப்பிடவும் இல்லை.

"அக்கா, ஏதாவது சொல்லுவமே அந்த மனிசனுக்கு?" என்றான் நித்தி.

சனம் கலையத் தொடங்கியிருந்தது. சிவனேஸ்வரி அந்த வெறுமைக்குள் போய், ஜதுசன் நின்ற இடத்தில் றஜீவனுக்குப் பக்கத்தில் நின்றாள். தூசி முழுக்க அடங்கி, அந்தப் பக்கத்துத் தெருவும் அதற்கப்பால் போகும் ட்ராமும் தெரியும்வரை நின்றாள்.